ஃபாண்ட் என்று நாம் எதைச் சொல்கிறோம்?

எந்த டி.டி.பி. கடையில் சற்று நேரம் நின்றாலும் ‘ஃபாண்ட்’ என்ற சொல் காதில் விழாமல் போகாது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர், ‘ஃபாண்ட்டைக் கொஞ்சம் பெரிசாக்குங்க’ என்கிறார்; அவர் சொல்வது எழுத்தின் அளவை. கூட வந்தவர், ‘இது வேண்டாம், வேற நல்ல ஃபாண்ட்டா போடுங்க’ என்கிறார். அவர் சொல்வது எழுத்தின் வடிவத்தை. உள்ளே கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர், பென் டிரைவில் வந்த ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இது எந்த ஃபாண்ட்ல அடிச்சது சார்?’ என்று கேட்கிறார். அவர் கேட்பது அளவையும் அல்ல, வடிவத்தையும் அல்ல. அந்தக் கோப்புக்குள் கிடப்பது தமிழாக வாசிக்கப்படுமா, படாதா என்பதே அவருடைய கேள்வி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இந்த மூன்றாவது பொருள் வழக்கத்தில் இல்லை. தமிழில் அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், கணினியில் தமிழ் எழுதப்படுவதென்றால் என்ன என்பதே எனக்குப் புரிந்தது.

நூல்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் வேலையில் இருப்பதால், பழைய கோப்புகள் பலவும் என் கைக்கு வருகின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் தட்டச்சு செய்து குறுந்தகட்டில் போட்டு வைத்த நாவல்கள், சிறுபத்திரிகை இதழ்கள், கல்லூரி மலர்கள் எல்லாம் அவற்றில் அடக்கம். அவற்றைத் திறப்பவர் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் இதுதான்.

‘ஃபாண்ட்’ என்ற ஆங்கிலச் சொல், உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈயமும் வேறு உலோகங்களும் கலந்த கலவையை உருக்கி, அச்சில் ஊற்றி, ஒரே அளவிலும் ஒரே வடிவிலும் வார்த்தெடுத்த எழுத்துக்கட்டைகளின் முழுத் தொகுதிக்கே அந்தப் பெயர். ஒரே வடிவத்தில் 10 பாயிண்ட் அளவில் வார்த்தால் அது ஒரு ஃபாண்ட். 12 பாயிண்ட் அளவில் வார்த்தால் அது வேறொரு ஃபாண்ட். வடிவத்துக்கு ஆங்கிலத்தில் ‘டைப்ஃபேஸ்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ஆகவே, பத்திரிகை அடிக்க வந்தவர் அளவைக் குறித்து ‘ஃபாண்ட்’ என்றது, அவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அந்தச் சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது.

உலோக எழுத்துகளோடு தமிழுக்கு இருக்கும் உறவு நீண்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்துகளை வார்த்தே அச்சிடப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சுப்பணி தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவையாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. அதனால் பக்கத்தில் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இந்தச் செய்தியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாலேயில் வார்த்த பெரிய ‘க’வும் பொறையாற்றில் வார்த்த சிறிய ‘க’வும் வெவ்வேறு உலோகத் துண்டுகள், வெவ்வேறு ஃபாண்ட்கள். ஆனால் அச்சான தாளை வாசித்தவருக்கு இரண்டும் ஒரே ‘க’. அந்த ஒருமை வாசிப்பவரின் மனத்தில் இருந்தது. உலோகத்தில் அதைப் பொறிக்க வேண்டிய தேவை எவருக்கும் வரவில்லை.

கணினி வந்தபோது அந்தத் தேவை வந்தது. கணினிக்கு மனம் கிடையாது; ‘க’ என்பது என்ன என்பதை ஓர் எண்ணாகத்தான் அதற்குச் சொல்ல முடியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று முடிவுசெய்யும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ‘என்கோடிங்’ என்று பெயர். தமிழில் குறியேற்றம் என்கிறோம், குறியாக்கம் என்றும் எழுதுகிறார்கள். அந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் உருவமாகத் திரையிலோ தாளிலோ வரைந்து காட்டுவதற்கான படங்களின் தொகுதியே கணினி உலகின் ஃபாண்ட், அதாவது எழுத்துரு. எண் கோப்புக்குள் இருக்கிறது. படம் எழுத்துருவில் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் நான் ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பும்போது என் கைப்பேசியிலிருந்து புறப்பட்டுப் போவது எண்களின் வரிசை மட்டுமே. பெறுபவரின் கைப்பேசி, தன்னிடம் இருக்கும் எழுத்துருவைக் கொண்டு அவற்றை வரைந்து காட்டுகிறது. அதனால்தான் ஒரே செய்தி என் திரையில் ஒரு சாயலிலும் அவர் திரையில் வேறொரு சாயலிலும் தெரிகிறது.

எழுத்துருக் கோப்பு ஒன்றின் உள்ளே பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1990களில் பரவிய ட்ரூடைப் முறையிலும், 1996இல் அறிவிக்கப்பட்ட ஓப்பன்டைப் முறையிலும், ஒவ்வோர் எழுத்தும் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வெளிக்கோடாகச் சேமிக்கப்படுகிறது. அதனால் ஒரே கோப்பிலிருந்து எந்த அளவுக்கும் எழுத்தை வரைந்துகொள்ளலாம்; அளவுக்கு ஓர் ஃபாண்ட் என்ற பழைய பொருள் அந்த இடத்தில் செத்துவிட்டது. அந்த வெளிக்கோடுகளுக்குப் பக்கத்திலேயே, ‘இந்த எண் வந்தால் இந்தப் படத்தை எடு’ என்று சொல்லும் அட்டவணை ஒன்றும் இருக்கிறது. தமிழில் மூன்றாவது பொருள் பிறந்த இடம் அந்த அட்டவணைதான்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் கணினியில் தமிழைக் கொண்டுவர விரும்பியவர்களிடம் இருந்தது ஆங்கிலத்துக்காகச் செய்த இயந்திரம். ஓர் எழுத்துருவில் அதிகமாகப் போனால் 256 இடங்கள். அவற்றில் முதல் பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் செய்தது எளிமையான வேலை, அந்தச் சூழலில் மிகுந்த புத்திக்கூர்மையான வேலையும்கூட. ஆங்கில எழுத்தின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடத்திலும் பெருவழக்காக இருந்த ‘பாமினி’ எழுத்துரு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத, ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். ஜே இருக்கும் இடத்தில் த. கே இருக்கும் இடத்தில் ம. பி இருக்கும் இடத்தில் இகரக் கொக்கி. ஓ இருக்கும் இடத்தில் ழ. அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யின் புள்ளி. திரையில் அழகாகத் ‘தமிழ்’ தெரியும். ஆனால் கோப்புக்குள் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். உலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் அந்த ஐந்து எண்களையும் ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் அறியும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண்களை ஒதுக்கும் குறியேற்றம் யூனிகோட். அதில் அதே சொல்லைத் தட்டினால் பதிவாகும் எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021. இங்கேயும் ஐந்துதான். ஆனால் 2980 என்ற எண் எந்தக் கணினியிலும் எந்த நாட்டிலும் ‘த’ என்ற எழுத்துக்கு மட்டுமே உரியது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு 2944 முதல் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. அது நம் மேசைக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது. விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துரு சேர்ந்து வந்த பிறகே, தனியாக எதையும் நிறுவாமல் கணினியில் தமிழைப் படிக்கலாம் என்ற நிலை வரத் தொடங்கியது.

இடைப்பட்ட அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்தார்கள். ஒருவருடைய எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொருவருடையதில் வேறு எழுத்து இருந்தது. செய்தித்தாள்களின் இணையதளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவைக் கொடுத்தன. வாசகர் அதைத் தரவிறக்கி நிறுவினால்தான் அந்தத் தளத்தைப் படிக்க முடியும். இதைச் சரிசெய்ய நடந்த முயற்சிகளை நன்றியோடு நினைத்துக்கொள்ள வேண்டும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கிய ‘டிஸ்கி’ குறியேற்றம், 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும், 2000இல் தொடங்கிய உத்தமம் அமைப்பு ஆகியவை எல்லாம் அந்தப் பத்தாண்டின் கடும் உழைப்பு. பொங்கல் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் கைகளாலேயே தட்டச்சு செய்து வெளியிட்டது. அந்தத் திட்டத்தாரே பின்னர் யூனிகோடுக்கு மாறியபோது அந்த நூல்களை மறுபடியும் மாற்றியாக வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியை வைத்துப் பார்த்தால், ‘எந்த ஃபாண்ட்ல அடிச்சது?’ என்ற டி.டி.பி. கடைக்காரரின் கேள்வியை அறியாமை என்று சொல்வது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. குறியேற்றம் என்று தனியாக ஒன்று அவருடைய உலகத்தில் இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தன் குறியேற்றத்தைத் தன்னோடு சுமந்து வந்தது. 106 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கோப்பில் எழுதியிருந்த எழுத்துருவின் பெயர் மட்டுமே சொன்னது. பெயர் பாமினி என்றால் அது ‘த’. வேறு பெயர் என்றால் வேறு எழுத்து. அந்தப் பெயர் தொலைந்தால் கோப்பே தொலைந்தது. ஆகவே அந்தத் தொழிலில் இருந்தவர்கள் ‘ஃபாண்ட்’ என்ற சொல்லுக்கு, அவர்கள் கையில் உண்மையில் இருந்த பொருளையே கொடுத்தார்கள்.

சிக்கல் அதன் பிறகு வந்தது. யூனிகோட் வந்த பின்னும் அதே சொல் அதே பொருளில் தொடர்ந்தது. ‘யூனிகோட் ஃபாண்ட்ல அனுப்புங்க’ என்று இன்றும் எல்லோரும் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது பாமினி, செந்தமிழ், வானவில் என்ற வரிசையில் யூனிகோடும் ஓர் ஃபாண்ட் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. யூனிகோட் எழுத்துரு இல்லை, எண்களின் ஒதுக்கீடு. அந்த எண்களை ஏற்றுக்கொள்ளும் எழுத்துருக்கள் இன்று ஏராளமாக இருக்கின்றன, லதாவும் நோட்டோவும் அவற்றில் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் எழுத்தின் சாயல் மாறும், எழுத்து மாறாது. பாமினியில் அடித்ததை யூனிகோட் எழுத்துருவுக்கு ‘ஃபாண்ட் மாற்றினால்’ எழுத்தே மாறிவிடும். உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிடும். இந்த வேறுபாட்டை ஒருவருக்கு விளக்க வேண்டும் என்றால், அவர் கணினியிலேயே இரண்டையும் செய்து காட்டுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழ் எழுத்து ‘தெரியவில்லை’ என்று எவராவது சொன்னால், என்ன தெரிகிறது என்று கேட்பதே இப்போது என் வழக்கம். கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. எண்கள் சரியாக இருக்கின்றன. அவற்றை வரைய அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டங்களின் வடிவத்தைப் பார்த்து அவற்றைச் சோயாக் கட்டி என்று பொருள்படும் ‘டோஃபு’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். டோஃபு இனி இல்லை என்ற பொருளில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு ‘நோட்டோ’ என்று பெயர் வைத்தது. தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரிகின்றன என்றால் அது பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அதன் பெயரைத் தேடிப் பிடித்து, பழைய எண்களை யூனிகோட் எண்களாக்கும் மாற்றி நிரல்களின் வழியாக எண்களையே மாற்றியாக வேண்டும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில ‘ஏ’யும், அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வரும். அது யூனிகோட் தமிழ்தான். இணையத்தில் யூனிகோட் எண்களை அனுப்பப் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தின் எண்ணும் மூன்று பைட்டுகளாக, அதாவது 255ஐத் தாண்டாத மூன்று சிறு எண்களாகப் பிரிகிறது. அவற்றில் முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணையில் 224 அந்தச் சாய்கோட்டு ‘ஏ’, 174 அந்த வட்டத்து ‘ஆர்’. கோப்பைத் திறக்கும்போது குறியேற்றம் யூ.டி.எஃப்-8 என்று சொல்லிவிட்டால் தமிழ் திரும்பி வந்துவிடும். மூன்றையும் நாம் ‘ஃபாண்ட் பிரச்சினை’ என்றே சொல்கிறோம். உண்மையில் முதலாவது மட்டுமே ஃபாண்ட் பிரச்சினை.

பழைய கோப்புகளை மாற்றும் வேலையில் இறங்கியவர்களுக்கு, எழுத்துருப் பெயர் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது உடனே தெரிந்துவிடும். பாமினியில் அடித்த கட்டுரை ஒன்றின் நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அடித்தவர் அந்த இடத்தில் மட்டும் எழுத்துருவை மாற்றி ஆங்கிலத்தில் அடித்திருப்பார். அந்தக் கட்டுரையை வெறும் உரையாக எடுத்து மாற்றியில் போட்டால், எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்ல எந்தத் தடயமும் மிஞ்சாது. சிறிய எழுத்தில் ‘டிவி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது ‘வஎ’ என்று மாறி வரும். மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் பொருளற்ற தமிழாகும். பொங்கு தமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் நமக்குச் செய்திருக்கும் உதவிக்கு அளவே இல்லை. ஆனால் மாற்றியவற்றை மனிதக் கண்ணால் ஒரு முறை படிக்காமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது.

மாற்றிகளாலும் தீர்க்க முடியாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அச்சுக்கட்டையிலும் தட்டச்சுப் பொறியிலும் ‘வௌவால்’ என்று எழுத, கொம்பு, வ, ள என்று மூன்று துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஔகாரக் குறியின் வலப்பக்கத்துத் துண்டும் ‘ள’ என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் இரண்டுக்கும் ஒரே கட்டை போதுமானதாக இருந்தது. ‘வெள்ளம்’ என்று எழுதவும் அதே கொம்பு, அதே வ, அதே ள. படிப்பவர் தமிழ் அறிந்தவர். ஒன்றை ஔகாரமாகவும் மற்றொன்றை எகரத்தை அடுத்த ளகரமாகவும் தாமாகவே பிரித்துப் படித்துக்கொண்டார். பழைய எழுத்துருக்கள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. அதனால் அந்தக் கோப்புகளில் ஔகாரம் என்ற ஒன்று பதிவாகவே இல்லை. அதன் தோற்றம் மட்டும் பதிவாகியிருக்கிறது. மாற்றி அதை எடுத்து ‘வெளவால்’ என்றும் ‘கெளதமன்’ என்றும் ‘கெளரவம்’ என்றும் கொடுக்கிறது. திரையில் பார்க்கும் கண்ணுக்குப் பிழை எதுவும் தெரியாது. ஆனால் ‘கௌரவம்’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. ‘ஔவையார்’ என்று சரியாகத் தட்டித் தேடுபவருக்கு, ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று ஏறியிருக்கும் பக்கங்கள் கிடைக்காமல் போகலாம். இணையத்தில் இன்று இந்த இரண்டு வடிவங்களும் பக்கம் பக்கமாகக் கலந்து கிடக்கின்றன. தமிழ் எண்ணான ௭ஐ எகரம் என்று கருதித் தட்டும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. எகரத்தின் எண் 2958, தமிழ் ஏழின் எண் 3053. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே படம்.

உருவம் ஒன்று, எழுத்து வேறு என்பதற்கு இவை சான்று. இதற்கு நேர்மாறாக எழுத்து ஒன்று, உருவம் வேறு என்பதற்கு நம்மிடமே மிக நல்ல சான்று இருக்கிறது. பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளைப் பெரும்பாலும் ஏற்று, தமிழ்நாடு அரசு 1978இல் ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு யானைத் துதிக்கைபோலத் தலைக்கு மேல் சுழித்து ஏறும் கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவை சுழித்துக் கீழே இறங்கின. இன்று ‘மலை’ என்று எழுதும்போது ‘லை’க்குப் பதிவாகும் எண்கள் 2994, 3016. இதே இரண்டு எண்களுக்குப் பழைய துதிக்கை வடிவத்தைக் காட்டுமாறு ஓர் எழுத்துருவைச் செய்யலாம். கோப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் மாற்றம் முழுவதும் எழுத்துருவில் நடந்த மாற்றம். எழுத்தில் நடந்தது அல்ல என்று கணினியின் மொழியில் சொல்லலாம். அந்த ஆணையை மொழியின் அழிவு என்று அன்று அஞ்சியவர்களுக்கு இந்த விளக்கம் அன்றே கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

கைப்பேசியில் ‘ஸ்டைல் ஃபாண்ட்’ என்ற பெயரில் உலவும் செயலிகளையும் இங்கே சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் தம் பெயரை வளைந்த, தடித்த, அலங்கார ஆங்கில எழுத்துகளில் போட்டுக்கொள்ள இளைஞர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பெயரில் ஃபாண்ட் இருந்தாலும் அவை எழுத்துரு அல்ல. கணிதச் சமன்பாடுகளில் பயன்படுத்துவதற்காக யூனிகோடில் தனி எண்கள் பெற்ற வேறு குறிகள் அவை. பார்ப்பவருக்கு ஆங்கில ‘ஏ’ மாதிரித் தெரிவது, கணினிக்கு ‘கணிதத் தடித்த ஏ’ என்ற முற்றிலும் வேறொரு குறி. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தப் பெயரைச் சரியாக வாசிக்காமல் தடுமாறும். சில நேரம் விட்டுவிட்டே போகும்.

திரைவாசிப்பானைப் பற்றி எண்ணும்போதுதான் இந்த வேறுபாடு எனக்கு அச்சுத்தொழிலின் நுணுக்கமாக மட்டும் தோன்றாமல் போகிறது. பாமினியில் அடித்த ஒரு பாடநூலைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற இடத்தில் அவர் காதில் விழுவது ஜே, கே, பி, ஓ. கண்ணுக்கு வேலைசெய்வதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு, கண் இல்லாதவருக்கு எதையும் கொடுக்கவில்லை. தேடுபொறியும் ஒருவகையில் கண் இல்லாத வாசகர்தான். அகரவரிசைப்படுத்தும் நிரலும் பிழைதிருத்தியும் மொழிபெயர்ப்பு நிரலும் அப்படியே. அவை எவற்றுக்கும் படம் தெரியாது. எண் மட்டுமே தெரியும்.

நம் அனுபவம் தனியானது அல்ல. மியான்மரில் ‘ஜாவ்ஜி’ என்ற எழுத்துரு பல ஆண்டுகள் நாட்டின் கணினிகளையும் கைப்பேசிகளையும் ஆண்டது; அதுவும் தனக்கென்று ஒரு குறியேற்றத்தைச் சுமந்து வந்த எழுத்துருவே. 2019 அக்டோபர் 1ஆம் தேதியை அந்த நாடு யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்து நடத்திக் காட்டியது. நமக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, அதனுடன் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் ‘டேஸ்16’ முறையையும் அங்கீகரித்தது. உயிர்மெய்யை மெய்யும் குறியுமாகப் பிரித்து வைக்கும் யூனிகோட் முறை தமிழின் இயல்புக்கு ஏற்றதா என்ற விவாதம் நியாயமானது; அதில் இரு பக்கத்திலும் ஆழமாக எண்ணியவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் உலகம் முழுவதும் ஒரே எண்ணுக்கு ஒரே எழுத்து என்பது கிடைத்துவிட்ட பிறகு, அதை விட்டு விலகுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அச்சுத்தொழிலில் பழைய எழுத்துருக்கள் இன்றும் வாழ்வதற்குக் காரணம் சோம்பல் என்று நான் எண்ணவில்லை. பல கடைகளில் இன்றும் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் யூனிகோடை அறியாதது. அதன் கடைசிப் பதிப்பே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. புதிய மென்பொருள்களிலும், இந்திய மொழிகளுக்கான உரை அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் ‘கெ’ என்பதில் முதலில் பதிவாவது ககரம், அதன் பிறகே கொம்பு. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. மறுநாள் காலையில் சுவரொட்டி வேண்டும் என்று நிற்கும் வாடிக்கையாளருக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. கை பழகிய பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிடுகிறார். தாளில் அது குறையில்லாமல் வருகிறது. சுவரொட்டிக்கு அது போதும்.

நூலுக்கு அது போதாது. அதனால் என்னிடம் கோப்பு கொடுப்பவர்களிடம் சிலவற்றைக் கேட்டு வாங்குகிறேன். பழைய கோப்பு என்றால், அதை அடித்த எழுத்துருவின் பெயரும், முடிந்தால் அந்த எழுத்துருக் கோப்பும், அன்று எடுத்த அச்சுப்படி ஒன்றும் கூடவே வேண்டும். பெயர் தெரியவில்லை என்றால் ஆவணத்தைத் திறந்து, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெயர் வரும் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் போதும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். ஆவணத்தை வெறும் உரைக்கோப்பாக மாற்றிச் சேமித்துவிட்டால் அந்தப் பெயரும் அழிந்துவிடும் என்பதால், மாற்றுவதற்கு முன்னால் மூலக்கோப்பின் படி ஒன்றைத் தொடாமல் எடுத்து வைக்கச் சொல்கிறேன். மாற்றிய பிறகு ஔகாரச் சொற்களையும், ஸ்ரீயையும், மேற்கோள் குறிகளையும், இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கிறேன். வீட்டுப் பரணில் அப்பாவோ அத்தையோ எழுதி வைத்த குறுந்தகடு ஏதாவது இருந்தால், தகடு படிக்கும் கருவியும் அந்த எழுத்துருவின் பெயரை நினைவில் வைத்திருக்கும் கடைக்காரரும் இருக்கும்போதே அதை எடுத்துத் திறந்து பாருங்கள்.